டெரியாக்கி சால்மன் வீட்டில் செய்தா லாபமா? திருவண்ணாமலை சமையலறையில் போட்ட கணக்கு

"வெளிய சாப்பிடறதை நிறுத்துங்க, வீட்டில சமைங்க, காசு மிச்சம்"னு நம்ம சேனல்ல பலமுறை பேசியிருக்கோம். பொதுவா அது சரிதான். ஆனா ரீல்ஸ் பார்த்து சமைக்கிற வெளிநாட்டு டிஷ்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதுக்கு நல்ல உதாரணம் டெரியாக்கி சால்மன். நிறைய பேர் கேட்ட டிஷ்ஷும் கூட. வீடியோல வேகமா சொன்ன கணக்கை இங்க நிதானமா பார்ப்போம்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். டெரியாக்கி என்பது மீனோட பேர் இல்ல, சமைக்கிற முறையோட பேர். ஜப்பானிய மொழியில் 'டெரி'ன்னா பளபளப்பு, 'யாக்கி'ன்னா சுடுறது. சோயா சாஸ், சர்க்கரை, மிரின்னு சொல்ற இனிப்பான அரிசி மது, சாக்கே இதெல்லாம் கொதிச்சு சுண்டி மீன் மேல கண்ணாடி மாதிரி பூசிக்கிறதுதான் விஷயம். ஜப்பான்ல இதுக்குப் பழக்கமான மீன் சால்மன் கூட இல்ல, 'புரி'ன்னு ஒரு கொழுப்பான கடல் மீன். நார்வேக்காரங்க 1980களில் ஜப்பான் சந்தையில் தங்க சால்மனைத் தீவிரமா விளம்பரம் பண்ணி விற்றதெல்லாம் தனிக் கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: மீனை மாத்தினா டெரியாக்கி கெட்டுப் போகாது. கொழுப்பு கொஞ்சம் இருக்கிற, சதை உறுதியான மீனா இருந்தா போதும்.

இப்ப செலவுக்கு வருவோம். கீழ இருக்கிற விலையெல்லாம் கணக்குப் புரியறதுக்காக வச்ச உதாரண விலை. உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க, முறை மாறாது.

நாலு பேர், ஆளுக்கு 150 கிராம் மீன். மொத்தம் 600 கிராம் வேணும். எலும்பு எடுத்த இறக்குமதி சால்மன் துண்டு கிலோ 2,800 ரூபாய்னு வைங்க. மீனுக்கு மட்டும் 1,680. அதோட ரெசிபில சொன்ன மாதிரியே மிரின் 600, ஜப்பான் சோயா சாஸ் 400, வறுத்த எள்ளெண்ணெய் 400ன்னு மூணு பாட்டில் வாங்கினா இன்னொரு 1,400. ஆக 3,080. நம்ம ஊர்ல சால்மன் கிடைக்கலைன்னு சென்னைக்குப் போய் வந்தா பஸ் செலவு ஒரு 400 சேரும். மொத்தம் 3,480, ஒரு பிளேட் 870 ரூபாய். சென்னை ஓட்டல்ல இதே பிளேட் 900ன்னு வச்சாலும், இவ்வளவு அலைஞ்சு நீங்க மிச்சம் பிடிச்சது பிளேட்டுக்கு 30 ரூபாய். பாத்திரம் கழுவுற வேலை தனி.

"பாட்டில் மிச்சம் இருக்கே, அடுத்த தடவைக்கு ஆகுமே"ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. விஷயமே இந்தப் பாட்டில்லதான் இருக்கு.

ஒரு தடவைக்கு மிரின் 50, 60 மி.லி. போகும். மிச்சம் அலமாரியில நிக்கும். அடுத்த தடவை எப்ப? திருவண்ணாமலை மாதிரி ஊர்ல யோசிச்சுப் பாருங்க. பல வீடுகள்ல செவ்வாய், வெள்ளி அசைவம் இல்ல. பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷம் இல்ல. நடைமுறையில மீன் வாங்குறது ஞாயிற்றுக்கிழமைதான். வருஷத்துல 52 ஞாயிறு. அதுல புரட்டாசி முழுக்கப் போச்சு. தீபம் வர்ற கார்த்திகையும் பல வீட்டில போச்சு. பௌர்ணமி ஞாயிறுல வந்தா அதுவும் கிரிவலத்துக்கு. மிச்சம் 40 சொச்சம். அதுல பெரும்பாலும் குழம்பு, வறுவல்தான் கேப்பாங்க. டெரியாக்கிக்கு வருஷத்துல 3 வாரம் கிடைச்சாலே பெரிசு. 1,400 ரூபாயை மூணால வகுத்தா தடவைக்கு 467 ரூபாய், சாஸுக்கு மட்டும். மூணாவது தடவைக்குள்ள எக்ஸ்பைரி தேதி தாண்டலைன்னா இந்தக் கணக்கு. வாங்கின விலையைப் பார்க்காதீங்க, எத்தனை தடவை பயன்படுத்துவோம்னு வகுத்துப் பாருங்க. ஏர் ஃப்ரையர், சாண்ட்விச் மேக்கர் எல்லாத்துக்கும் இதே வகுத்தல்தான்.

அதனால பாட்டில்களை விட்டுட்டு, வீட்டில இருக்கிற பொருளை வச்சே சாஸ் செய்யலாம். மிரின் கொடுக்கிறது இனிப்பும் பளபளப்பும். அது ரெண்டையும் சர்க்கரை கொடுக்கும். மது வாசனைக்குப் பதிலா துளி வினிகரும் இஞ்சிச் சாறும். வறுத்த எள்ளெண்ணெய்க்கு நம்ம நல்லெண்ணெய் நேரடி மாற்று இல்ல, ஏன்னா நம்மது வறுக்காத எள்ளுல ஆட்டினது, வாசனை வேற. ஒரு ஸ்பூன் எள்ளை வெறும் வாணலியில பொன்னிறமா வறுத்து, பாதியை நசுக்கிக் கடைசியில தூவுங்க. அந்த வாசனை வந்துரும்.

600 கிராம் மீனுக்கு அளவு: சோயா சாஸ் 4 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 3 (பாதி வெள்ளை, பாதி நாட்டுச் சர்க்கரைன்னா நிறம் நல்லா வரும்), தண்ணி 4, வினிகர் 1 டீஸ்பூன், இஞ்சிச் சாறு 1 டீஸ்பூன், நசுக்கின பூண்டு 2 பல். எல்லாம் சேர்த்து 40 ரூபாய்க்குள்ள முடியும். ஃப்ரைடு ரைஸ் கடையில ஊத்துற கறுப்பு டார்க் சோயா வேண்டாம், லைட் சோயா வாங்குங்க. உப்பு தனியா ஒரு சிட்டிகை கூடப் போடாதீங்க. ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ்லயே சுமார் 900 மி.கி. சோடியம் இருக்கு. ஒரு நாளைக்கு 2,000 மி.கி.க்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பி.பி. இருக்கிறவங்க வீட்டில இதை வாராவாரம் செய்யற டிஷ்ஷா ஆக்காதீங்க.

மீன் விஷயத்துல ஏமாறாம இருக்கணும்

ஆன்லைன்ல 'இந்தியன் சால்மன்'னு போட்டு, நிஜ சால்மனைவிட ரொம்பக் குறைஞ்ச விலையில வரும். ஆஃபர்னு நினைச்சு கார்ட்ல போடாதீங்க. அது நம்ம காலா மீன், வடக்க ராவஸ்னு சொல்வாங்க. நல்ல மீன்தான், ஆனா சால்மன் குடும்பமே இல்ல, சதையும் வெள்ளையா இருக்கும். காலான்னு தெரிஞ்சே வாங்கினா தப்பில்ல. டெரியாக்கிக்கு அருமையா நிக்கும். மீன்காரர்கிட்ட காலான்னே கேளுங்க, 'சால்மன்' பேருக்கு வைக்கிற கூடுதல் விலை போகாது.

நிஜ சால்மன் நம்ம கடல்ல கிடையாது. இங்க விக்கிறது பெரும்பாலும் நார்வே மாதிரி குளிர் நாட்டுப் பண்ணையில வளர்த்து, ஐஸ்ல வச்சு, இறக்குமதி வரி கட்டி வர்றது. உறைஞ்ச பாக்கெட்டா வாங்கினா மீன் மேல ஐஸ் பூச்சு இருக்கும். பாக்கெட்ல நிகர எடை எவ்வளவுன்னு பாருங்க, உருகின பிறகு ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க. கிலோவுக்கு 2,800 கொடுக்கும்போது 100 கிராம் ஐஸோட விலை 280 ரூபாய்.

முழு மீன் வாங்கும்போது இன்னொரு கணக்கு. காலா கிலோ 700ன்னா, தலை, குடல், செதில், முள் போனது போக சுமார் 60 சதவீதம்தான் துண்டா வரும்னு வைங்க. அப்ப நிஜ விலை கிலோ 1,167, நமக்கு வேண்டிய 600 கிராம் 700 ரூபாய். சாஸ் 40, கேஸ் 3 சேர்த்து ஒரு பிளேட் 186 ரூபாய். அயிலை கிலோ 300, 55 சதவீதம் தேறும்னா பிளேட் 93 ரூபாய்தான். இதே வீட்டு சாஸ்ல சால்மன் போட்டா 431. தலையும் முள்ளும் குப்பைக்குப் போகாம அடுத்த வேளைக் குழம்புக்குப் போனா வித்தியாசம் இன்னும் கூடும்.

"சால்மன்ல ஒமேகா 3 இருக்கே, குழந்தைக்கு நல்லதுதானே"ன்னு ஒரு கமென்ட் வந்துச்சு. இருக்கு. மத்தியிலயும் அயிலையிலயும் கூட நிறைய இருக்கு. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் சால்மன் வாங்குறீங்கன்னா மத்தி வாங்குங்க, மாசாமாசம் கணிசமா மிச்சம். ருசிக்காக வாங்குறீங்கன்னா வாங்குங்க, அதுக்கு ஆரோக்கியக் காரணம் எதுக்கு? மாசப் பொழுதுபோக்குச் செலவுல எழுதுங்க, மளிகைக் கணக்குல எழுதாதீங்க.

சாத்தனூர் அணை மீன் ஆகுமான்னும் கேட்டிருந்தீங்க. கட்லா, ரோகு விலை குறைவுதான். ஆனா சதைக்குள்ள ஊசி ஊசியா முள். இனிப்பு சாஸ் ஒட்டின துண்டுல முள் தேடறது, அதுவும் பிள்ளைங்களுக்கு, சரிப்படாது. அணை மீனை மிளகாய்த்தூள் போட்டு வறுத்துச் சாப்பிடறதுதான் அதுக்கு மரியாதை.

அடுப்புல கவனிக்க வேண்டியது

காஸ்ட்லி மீன் பாழாகிறது பெரும்பாலும் மூணு இடத்துல. ஒண்ணு, ராத்திரி முழுக்க ஊற வைக்கிறது. சோயா உப்பு மீனோட தண்ணியை இழுத்து ரப்பர் மாதிரி ஆக்கிடும். 20, 30 நிமிஷம் போதும், அதுவும் ஃப்ரிட்ஜ்ல. ரெண்டு, ஊறின மீனை அப்படியே சொட்டச் சொட்டக் கல்லுல போடுறது. சர்க்கரை முதல் நிமிஷத்துலயே கருகி, உள்ள வேகாம வெளிய கசக்கும். துணியில ஒத்தி எடுத்து, கொஞ்சம் எண்ணெய்ல, தோல் பக்கம் கீழ வச்சு, மிதமான தீயில பாதிக்கு மேல வேக விடுங்க. திருப்பிப் போட்டு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் சாஸ்.

மூணாவது, ஊற வச்ச சாஸைக் கீழ ஊத்திடறது. அது காசுதானே! ஆனா பச்சை மீன் கிடந்ததால அப்படியே மேல ஊத்தவும் கூடாது. தனியா நல்லா தளதளன்னு கொதிக்க விட்டு, பாதியா சுண்டினதும் மீன் மேல ஊத்தி, கல்லைச் சாய்ச்சு ஸ்பூனால மொண்டு மொண்டு விடுங்க. கரண்டி பின்பக்கம் ஒட்டி நின்னா பதம். கார்ன்ஃப்ளார் தேவையே இல்ல.

இரும்புத் தோசைக்கல் இதுக்கு நான்ஸ்டிக்கை விட நல்லா வேலை செய்யும். ஆனா காலைல தோசை ஊத்துற கல்லை எடுத்துறாதீங்க, வீட்டில சண்டை வரும். பழைய சப்பாத்திக்கல் ஒண்ணு எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கும், அது போதும். சர்க்கரை ஒட்டிக்கிட்டா சுரண்டாதீங்க, கல்லு சூடா இருக்கும்போதே கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தினா தானா விட்டுரும்.