நரம்பைக் காக்கும் உறை

மனித உடலின் உயிரணுக்களுள் மிக நீளமானவை நரம்பணுக்களே. முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் ஒரு நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் சென்று பாதத்தை எட்டுகிறது. அதன் வழியே செய்திகள் மின் துடிப்புகளாகப் பயணம் செய்கின்றன. உறையற்ற மெல்லிய இழையில் அத்துடிப்பு விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில்தான் நகரும். உறை போர்த்த தடித்த இழையிலோ விநாடிக்கு 100 மீட்டர் வரையிலும் விரையும். இவ்வேறுபாட்டுக்குக் காரணமான உறைக்கு 'மயலின்' என்று பெயர்.

கொழுப்புச் சத்து மிகுந்த இவ்வுறையை மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உறைக்கு ஒப்பிடலாம். ஆயினும் இது தொடர்ச்சியானதன்று. இதில் இடையிடையே காணப்படும் சிறு இடைவெளிகளைப் பிரெஞ்சு அறிஞர் ரான்வியே 19ஆம் நூற்றாண்டில் விவரித்தார். மின் துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவிச் செல்வதாலேயே அதற்கு இத்துணை வேகம் கிட்டுகிறது.

உறையை நெய்பவை எவை?

கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளில் மயலினை உருவாக்குபவை ஷ்வான் உயிரணுக்கள். பாயைச் சுருட்டுவதுபோல், ஷ்வான் உயிரணு தன் சவ்வையே நரம்பிழையின் மீது பலமுறை சுற்றி உறையாக்குகிறது. இதனைக் கோழிக் கருவில் ஆராய்ந்து 1954இல் விளக்கியவர் பெட்டி கெரன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. மூளையிலும் முதுகுத் தண்டிலும் இப்பணியைச் செய்பவை ஆலிகோடென்டிரோசைட் எனப்படும் வேறு வகை உயிரணுக்கள்.

இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர் மேரி பார்ட்லெட் பங்கி. 1931இல் அமெரிக்காவில் பிறந்த இவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முதிர்ந்த விலங்கின் முதுகுத் தண்டில் மயலின் ஒருமுறை அழிந்தால் மீண்டும் உருவாகுமா என்பது அந்நாளில் விடை தெரியாத வினா. உருவாகும் என்பதை 1961இல் மேரியும் அவர் கணவர் ரிச்சர்டும் ஹான்ஸ் ரிஸ் என்பாருடன் சேர்ந்து, பூனையின் முதுகுத் தண்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து மெய்ப்பித்தனர்.

பின்னர் இத்தம்பதியர் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினர். அங்கு ஷ்வான் உயிரணுக்களைத் தனியே பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் முறை உருவாயிற்று. நரம்பிழையைத் தொட்டதும் இவ்வுயிரணுக்கள் பெருகத் தொடங்குவது தெரியவந்தது. அவை உறை அமைப்பதற்கு வைட்டமின் சி உதவுகிறது என்பதும் 1987இல் வெளியான ஆய்வில் புலனாயிற்று.

வளரும் நரம்பும் வளரா நரம்பும்

கையில் வெட்டுண்ட நரம்பு, தக்க வழி அமைந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரும். முதுகுத் தண்டில் அறுந்த இழைகளோ அவ்வாறு வளர்வதில்லை. குறை இழையில் மட்டும் இல்லை. சூழலிலும் உண்டு என்பதை 1981இல் மாண்ட்ரியாலில் டேவிட், அகுவாயோ ஆகியோர் காட்டினர். எலியின் கால் நரம்புத் துண்டைப் பாலமாக ஒட்டியபோது, மைய நரம்பு மண்டலத்தின் இழைகள் அதனூடே நெடுந்தூரம் வளர்ந்தன. மைய நரம்பு மண்டலத்தின் மயலினிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன என்பதை 1988இல் மார்ட்டின் ஷ்வாபும் அவர் குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

அவ்வாறாயின், நோயாளியின் காலிலிருந்தே ஷ்வான் உயிரணுக்களை எடுத்துப் பெருக்கி, அடிபட்ட முதுகுத் தண்டில் பாலமாக இடலாகாதா? 1989இல் மயாமி நகருக்குப் பெயர்ந்த பங்கி தம்பதியர் இவ்வினாவையே தொடர்ந்தனர். 1996இல் ரிச்சர்ட் மறைந்த பின்னரும் மேரி பணியைக் கைவிடவில்லை. 2012இல் மனிதரிடம் சோதிக்க அரசு அனுமதி கிடைத்தது. ஆறு பேரிடம் நிகழ்ந்த முதற்கட்டச் சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. இம்முறையால் கடுந்தீங்கு விளையவில்லை என்பதே அதன் செய்தி. இழந்த நடையை மீட்டுத்தரும் மருத்துவமாக அது இன்னும் உருப்பெறவில்லை.

நம் நாட்டுக்கு இதன் பொருள்

இந்தியாவுக்கு ஷ்வான் உயிரணு மற்றொரு வகையிலும் முக்கியமானது. தொழுநோய்க் கிருமி இவ்வுயிரணுவில் குடியேறுகிறது. அதனால் நரம்பு சிதைந்து உணர்ச்சி அற்றுப்போகிறது. சூடும் முள்ளும் தெரியாமற் போகவே புண் ஏற்படுகிறது; விரல்கள் மடங்குகின்றன. தொழுநோய் 2005ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்குத் தேசிய அளவில் இறங்கியது. எனினும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1983 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே வழங்கப்படுகிறது. அது கிருமியைக் கொல்லும். ஆனால் முற்றும் அழிந்த நரம்பை மீட்டுத் தராது. நரம்பு பழுதுபட்டு ஆறு மாதங்களுக்குள் வருவோருக்கு, வீக்கத்தைத் தணிக்கும் மருந்துகளால் உணர்ச்சியும் வலுவும் திரும்ப வாய்ப்புண்டு. காலம் தாழ்த்தினால் அவ்வாய்ப்பு நழுவிவிடும்.

ஆகவே தோலில் உணர்ச்சியற்ற தேமல் தென்பட்டாலோ, கை கால்களில் மரமரப்பு நீடித்தாலோ, அதை மறைத்து வைத்தல் கூடாது. மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஊராரின் ஏளனம் பற்றிய அச்சமே. அவ்வச்சத்தைப் போக்குவது சுகாதாரப் பணியாளரின் கடமை மட்டுமன்று. ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், அண்டை வீட்டார் ஆகிய அனைவரின் பொறுப்புமாகும். சிதைந்த நரம்பை மீண்டும் வளர்க்க விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகின்றனர். நரம்பு சிதையாமல் காக்கும் வழியோ இன்றே நம் கையில் உள்ளது.