முத்திரை பேசும் வெள்ளி

நம் கடைத் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை இடுவது நாமல்ல, எடையளவுத் துறையினர். அந்த முத்திரையை நம்பித்தான் வாடிக்கையாளர் சரக்கு வாங்குகிறார். இதே முறையை வெள்ளிச் சாமான்களில் ஏறத்தாழ 700 ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வரும் நாடு இங்கிலாந்து. அந்நாட்டுப் பழைய ‘ஸ்டெர்லிங்’ வெள்ளிக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கு இது முக்கியக் காரணமாகும்.

சுத்த வெள்ளி மிருதுவானது. அதில் கரண்டி செய்தால் எளிதில் வளைந்துவிடும். ஆகவே 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும், மீதிக்குப் பெரும்பாலும் செம்பும் சேர்ப்பார்கள். இதுவே ஸ்டெர்லிங். செம்பு சற்றுக் கூடினால் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. மோசடிக்கு வழி அங்கேதான் இருந்தது.

இதைத் தடுக்க 1300-இல் மன்னர் முதலாம் எட்வர்டு சட்டம் செய்தார். சோதித்த பொருளில் சிறுத்தைத் தலை முத்திரை இடப்பட்டது. 1363 முதல் செய்தவரின் அடையாளமும் கட்டாயமாயிற்று. 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் சங்க மண்டபத்திலேயே சோதனை நடந்தது. மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹால்’ என்று பெயர். ‘ஹால்மார்க்’ என்ற சொல் இப்படி வந்ததுதான். ஆண்டுக்கு ஓர் எழுத்தும் பொறித்தார்கள். பின்னர் தவறு தெரியவந்தால், அவ்வாண்டு சோதித்தவர் பொறுப்பேற்க வேண்டும்! 1544-இல் நடக்கும் சிங்கம் சேர்ந்தது. தரம் குறைந்த சாமான்கள் உடைக்கப்பட்டன.

நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வது பெருகவே, 1697-இல் பாத்திர வெள்ளியின் தரத்தை 958-க்கு உயர்த்தினர். 1720-இல் 925 மீண்டும் வந்தது. 1773-இல் பர்மிங்ஹாமிலும் ஷெஃபீல்டிலும் சோதனை நிலையங்கள் ஏற்பட்டன. பர்மிங்ஹாமின் முத்திரை நங்கூரம்.

இதனால் 200 ஆண்டுக்கு முந்தைய கரண்டியிலும் ஊர், ஆண்டு, செய்தவர் ஆகிய விவரங்களைப் படித்தறியலாம். கணவருக்குப் பின் பட்டறையை நடத்திய ஹெஸ்டர் பேட்மன் அம்மையார் 1761-இல் தம் முத்திரையைப் பதிவு செய்தார். அது உள்ள சாமான்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே. அடிக்கடி அழுத்தித் தேய்த்து முத்திரை மழுங்கிய பொருளுக்கு விலை குறையும்.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-இல் தங்கத்துக்கும், 2005-இல் வெள்ளிக்கும் ஹால்மார்க் முறையைக் கொண்டுவந்தது. எந்தச் சரக்கானாலும், “நல்ல சரக்கு” என்று விற்பவர் சொல்வதைவிட, வேறொருவர் சோதித்துச் சொல்வதற்கே மதிப்பு அதிகம். சோதனைக்கு அஞ்சாத வியாபாரம் தலைமுறை தாண்டியும் நிற்கும்.