மனம்போன போக்கிற்கு ஆங்கிலர் இட்ட பெயர்கள்

மனித மனம் ஒரு நிலையில் நில்லாது. காரணமின்றி ஒன்றை விரும்பும். விரும்பியதை மறுகணமே வெறுக்கும். இல்லாததை இருப்பதாக எண்ணி மகிழும். இவ்வியல்பை எல்லா மொழியாளரும் கண்டுள்ளனர். ஆங்கிலரோ அதனைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரிட்டு, அன்றாடப் பேச்சிலே வழங்கி வருகின்றனர். மொழிபெயர்க்கப் புகும் நம்மவர் அவை அனைத்தையும் 'கற்பனை' என்றோ 'திடீர் எண்ணம்' என்றோ எழுதி அமைந்துவிடுகின்றனர். இதனால் வருங் கேடு சிறிதன்று. ஒருவரைப் பாராட்டிய சொல் பழிப்பாக மாறுதலும், பழித்த சொல் பாராட்டாக மாறுதலும் நேர்கின்றன. ஆதலின் அச்சொற்களுட் சிலவற்றின் பிறப்பையும் வழக்கையும் ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் 'பான்சி' என்பதை எடுத்துக்கொள்வோம். வளையல், நாடா, சீப்பு முதலியவற்றைப் 'பான்சிச் சாமான்' என்று வழங்குவதால் இச்சொல் நமக்குப் புதிதன்று. கிரேக்க மொழியிலே 'பந்தாசியா' என்றால் தோற்றம் என்பது பொருள். அது இலத்தீன் வழியாகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துட் புகுந்து, பின்னர்க் குறுகிப் 'பான்சி' ஆயிற்று. மனக்கண் முன் தோன்றும் உரு முதற்பொருள். அவ்வுருவின்மேற் செல்லும் விருப்பம் அடுத்த பொருள். விருப்பத்தைத் தூண்டும் அலங்காரப் பண்டம் அதற்கும் அடுத்தது. கிரேக்கரது தத்துவச் சொல் நம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்த வழி இதுவே.

கவிஞர் கோல்றிட்ச் 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பயோகிராபியா லிற்றறேரியா' என்னும் நூலிற் பான்சியையும் கற்பனையையும் வேறுபடுத்தினார். கற்பனை உருக்கிப் புதிதாகப் படைக்கும். பான்சியோ நினைவிலே கிடப்பவற்றை எடுத்து ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும். எனவே 'கற்பனை'யை முன்னையதற்கே உரித்தாக்கி, பின்னையதை 'மனவிளையாட்டு' எனல் தகும். 'மனக்கோட்டை', 'மனோராச்சியம்' என்பன இதற்குப் பொருந்தா. அவை கைகூடாத பெரிய ஆசைகளைக் குறிப்பன. பான்சி கைகூட வேண்டும் என்றே எண்ணுவதில்லை.

அடுத்தது 'விம்'. நம் இரட்டைக்கிளவிபோல ஒலிக்கும் 'விம்-வாம்' என்னுஞ் சொல் 16ஆம் நூற்றாண்டில் அற்பமான விளையாட்டுப் பொருளைக் குறித்தது. அதன் முற்பாதி பிரிந்து, மனத்திலே சட்டென எழுந்து சட்டென மறையும் சிற்றாசைக்குப் பெயராயிற்று. வீட்டுக்குப் புறப்பட்டவன் வழியிற் கடற்கரைப் பக்கம் திரும்பினால் அது விம். அதனால் எவர்க்கும் நட்டமில்லை. இத்தகைய விளையாட்டுக் குணம் எழுத்திலோ பேச்சிலோ நிலைபெற்று இனிமை தருமாயின் அதனை 'விம்சி' என்பர். இஃது ஏறக்குறையப் பாராட்டுச் சொல்லே.

மூன்றாவதாகிய 'கப்பிறீசு' வேறு இனத்தது. இதன் தாய்ச்சொல் இத்தாலிய மொழியிலுள்ள 'கப்பிரிச்சியோ'. தலை என்பதும் முள்ளெலி என்பதும் சேர்ந்த சொல் அது. அச்சத்தால் மயிர் சிலிர்த்தலை முதலில் உணர்த்திற்று. வெள்ளாட்டைக் குறிக்கும் 'காப்பிரா' என்னுஞ் சொல்லின் சாயல் பின்னர் அதன்மேற் படிந்தது. எத்திசையிற் பாயும் என்று அறியவொண்ணாத ஆட்டுக்குட்டியின் துள்ளல் மனத்தின் துள்ளலுக்கு உவமையாயிற்று. நாம் மனத்தைக் குரங்கென்போம். இத்தாலியர் ஆட்டைக் கண்டனர்.

கலையிலே கப்பிறீசு சிறப்புடையது. சுபானிய ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 80 செதுக்கோவியங்களுக்கும், பகனினியின் 1820இல் வெளிவந்த 24 வயலின் உருப்படிகளுக்கும் இதுவே பெயர். ஆனால் ஆள்வோரிடத்து இதே குணம் கொடுமையாகும். லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட அலிசின் கதையிலே இரு நிலைகளையும் ஒருங்கே காணலாம். கதையை நடத்தும் ஆசிரியரின் குறும்பு விம்சி; அற்பக் குற்றத்துக்கும் தலையைச் சீவச் சொல்லும் அரசியின் போக்குக் கப்பிறீசு. அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு நிருவாக நடைமுறைச் சட்டம், இத்தன்மையான அரச முடிவுகளை நீதிமன்றம் தள்ளிவிடலாம் என்று இச்சொல்லின் அடைமொழியையே ஆள்கிறது. அவ்விடத்தில் 'விளையாட்டு எண்ணம்' என்று பெயர்த்தால் நீதியே விளையாட்டாகிவிடும். நம் நாட்டு வழக்கிலுள்ள 'எழுந்தமானம்' என்னுஞ் சொல்லே ஆண்டுப் பொருந்தும்.

'வேகரி' என்பது அலைதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. பருவமழைக்கும் சந்தை விலைக்கும் இது பெரிதும் உரியது. ஒருவர் கட்டுக்குள்ளும் நில்லாத போக்கு என்க.

இனி, உடலிலிருந்து பிறந்த சொல் ஒன்றுண்டு. குருதி, கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்களின் மிகுதி குறைவாலேயே மனக்குணம் அமைவதென மேனாட்டு மருத்துவர் முற்காலத்திற் கருதினர். அந்நீர்களுக்கு 'ஹியூமர்' என்று பெயர். 1598இல் அரங்கேறிய பென் யோன்சனின் நாடகம் ஒன்று இச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. ஆண்டு அது மனப்போக்கையே குறிக்கும். நம் முன்னோரும் வாதம், பித்தம், கபம் எனக் கொண்டு, பித்தம் தலைக்கேறியவனைப் 'பித்தன்' என்றனர். வேர் ஒன்றுபோலிருந்தும் கிளை வேறாயிற்று: அவர்கள் சொல் நகைச்சுவையாக மலர்ந்தது, நம் சொல் பைத்தியத்தின் பக்கமே நின்றுவிட்டது.

இச்சொற்களை வேறுபடுத்தி அறிதற்கு எளிய உரைகல் ஒன்றுண்டு. அவ்வெண்ணத்தின் விலையை யார் கொடுக்கின்றார் எனக் கேட்க வேண்டும். எவரும் கொடுக்க வேண்டாததாயின் பான்சி. எண்ணியவனே சிறிது கொடுத்தால் விம். மற்றையோர் மகிழ்ச்சி பெற்றால் விம்சி. பிறர் தலையில் விழுந்தால் கப்பிறீசு. கொடுப்பித்தவர் இன்னாரெனச் சுட்ட இயலாதாயின் வேகரி.

நம் கல்லூரியிற் பயின்று, இன்று காரியாலயங்களிலும் நீதிமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் மொழிபெயர்ப்புப் பணி புரியும் பழைய மாணவர் பலர். ஒருவருடைய நற்சான்றிதழும், மற்றொருவருடைய வழக்கும் அவர்தம் பேனா முனையில் நிற்கின்றன. விளையாட்டு மனத்தினன் ஒருவனை எழுந்தமானக்காரன் என்று எழுதினால் அவன் உத்தியோகம் போகும்; எழுந்தமானமாகத் தண்டித்த அதிகாரியை விளையாட்டு மனத்தினர் என்று எழுதினால் தண்டனை பெற்றவனுக்கு நியாயம் போகும். அகராதி பல சொற்களை ஒரே வரியில் அடுக்கித் தரும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எழுதுவோனுடையது. அத்தெரிவு மட்டும் மனம்போன போக்கில் அமைதலாகாது.