பழைய மோட்டார்ப் படகின் தளர்ச்சி

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்வழி சென்று வருவோர் நம் வாசகருட் பலர். பழைய படகொன்று பேரிரைச்சலிட்டும் முன்செல்லாது தயங்குமாயின், எஞ்சினையே குறைகூறுதல் நம்மவர் வழக்கம். ஆயின் எஞ்சினுக்கும் நீருக்கும் இடையிலும் குற்றம் இருத்தல் கூடும்.

முதலில், படகை உந்தும் சுழல்விசிறியிற் சாதாழையோ வலைக்கயிறோ சுற்றியுளதா என நோக்குவோம். அன்றெனின், எஞ்சினின் வேகத்தைக் கூட்டி, படகினுள்ளே தெரியும் தண்டைக் கவனித்தல் வேண்டும். எஞ்சின் விரையத் தண்டு விரையாவிடின், கியர்ப்பெட்டியின் கிளச்சு வழுக்குகின்றது. தண்டும் உடன் விரையின், விசிறியையே ஐயுறல் தகும்.

அதிர்ச்சி மிகுமாயின் படகைக் கரையேற்றி, இதழ் நுனியருகே ஒரு குச்சியை நாட்டி, விசிறியைக் கையாற் சுழற்றுக. ஓர் இதழ் மட்டும் விலகிச் செல்லின் அவ்விதழ் வளைந்தது. தண்டே தள்ளாடின் குற்றம் தண்டினது. பின்முனையைத் தூக்கியசைக்கத் தண்டு மிக ஆடுமாயின், அதனைத் தாங்கும் பெயரிங் தேய்ந்துவிட்டது.

எஞ்சினும் தண்டும் நேர்கோட்டில் உள்ளனவா என்பதை மட்டும் கரையில் அளத்தலாகாது. கரையேற்றிய மரப்படகின் உடல் சற்றே வளையும்; மிதக்கும்போது அவ்வடிவம் மாறும். கரையிலேயே சரிபார்த்துக் கூலி பெற்றேகுவாரையும் நாம் கண்டதுண்டு! மிதக்கவிட்ட பின்னரே இணைப்புத் தட்டுகளின் இடைவெளியைச் சுற்றிலும் அளத்தல் வேண்டும். 4 அங்குல விட்டமுள்ள தட்டில், வேறுபாடு அங்குலத்தின் 1000இல் 4 பங்கை விஞ்சலாகாது. கோணல் நீடிப்பின், தண்டு நுழையுமிடத்து அடைப்புத் தேய்ந்து படகினுள் நீர் புகும்.