எத்தனையும் எவ்வளவும்

திருமானூர் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளதோர் ஊர். அங்கே ஆற்று மணலை 'எவ்வளவு' என வினவுவர். அதனை ஏற்றும் வண்டிகளை 'எத்தனை' என வினவுவர். மணலை 'எத்தனை' என்பார் இலர். ஆகவே, எண்ணற்குரியது, அளத்தற்குரியது என்னும் வேறுபாடு ஆங்கிலத்திற்கே உரியது, தமிழுக்கு இல்லை என்பார் கூற்றுப் பொருந்தாது.

தொல்காப்பியர் பெயரியலில் பல, சில என்பவற்றை அஃறிணைப் பன்மைப் பெயர்களுள் வைத்தார். தொகைமரபில் அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் மொழிமுதலாகும் 9 எழுத்துகளைக் கூறினார். கலம், நாழி, உழக்கு என்பன அளவு. கழஞ்சு, பலம் என்பன நிறை. நெல்லைக் கலத்தால் அளந்தபின் 'பல கலம் நெல்' என எண்ணலாம். ஆங்கிலத்திலும் முறை இதுவே.

ஆயின் மாணவர் இடர்ப்படுவது ஏன்? ஆங்கிலத்தில் 'மெனி', 'பியூ' என்பன எண்ணப்படுவனவற்றிற்கும், 'மச்', 'லிட்டில்' என்பன அளக்கப்படுவனவற்றிற்கும் உரியன. தமிழிலோ நிறைய, கொஞ்சம் என்பன இரண்டிற்கும் பொது: கொஞ்சம் நீர், கொஞ்சம் பேர். பேச்சு வழக்கில் 'எவ்வளவு பேர்' என்பதும் உண்டு. அன்றியும், அறிவுரை, தகவல் என்பன தமிழில் 'கள்' ஈறு ஏற்கும். அவற்றிற்கு நேரான 'அட்வைஸ்', 'இன்பர்மேஷன்' என்பன ஆங்கிலத்தில் பன்மை ஏலா. எனவே 'மெனி அட்வைஸ்' என எழுதும் மாணவர் எண்ணும் அளவும் அறியாதவர் அல்லர். தம் மொழியின் வழக்கைப் பிறமொழியின்மேல் ஏற்றுபவரே ஆவர்.

ஆகலின் ஆசிரியர், மாணவர் முன்னரே அறிந்த 'எத்தனை', 'எவ்வளவு' என்பவற்றிலிருந்து தொடங்கி, இருமொழியும் மாறுபடும் சொற்களை மட்டும் தனியே தொகுத்துக் காட்டுதல் தகும் எனக் கருதுகின்றோம்.