வேகம் மட்டும் போதுமா? முத்துக்குளித்துறை சொல்லும் விளையாட்டுப் பாடம்!

பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது எதை? யார் வேகமாக ஓடுகிறார், யார் உயரமாக இருக்கிறார், யார் பந்தை ஓங்கி அடிக்கிறார்... பெரும்பாலும் அவ்வளவுதான். தோற்றால் எதிரணியிடம் எப்படி நடந்துகொள்வார், நடுவர் பார்க்காத நேரத்தில் ஏமாற்றுவாரா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. 'ஜெயிச்சா போதும்' என்ற இந்த அவசரம்தான் பின்னாளில் பிறந்த தேதியைத் திருத்துவதிலும் ஊக்கமருந்து ஊசியிலும் போய் நிற்கிறது.

திறமை பெரிதா, குணம் பெரிதா? இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடிக் கடற்கரை எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

மூச்சு ஒருவருடையது... கயிறு இன்னொருவர் கையில்!

வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் இந்தக் கரைக்கு 'முத்துக்குளித்துறை' என்றே பெயர். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது.

கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார் முத்துக் குளிப்பவர். கிடைத்த சிப்பிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுவிட்டு, மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றைச் சுண்டுவார். தோணியில் இருப்பவர் அந்த நொடியே அவரை மேலே தூக்கியாக வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் உயிர் போய்விடும்.

அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானைக் கூட்டிப்போவார்கள் என்று சொல்வார்கள். தன் சகோதரி தாலியறுக்க எந்த அண்ணன் தம்பிக்கும் மனசு வராது என்ற நம்பிக்கை! 'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்ற பழமொழிக்கும் இதே மாதிரி ஒரு விளக்கம் உண்டு. அங்கே தேன் எடுக்க மலையில் இறங்குபவரின் கயிறு மச்சான் கையில்.

ஆழத்துக்குப் போகத் திறமை வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தத் திறமைசாலி உயிரோடு திரும்பி வருவது மேலே இருப்பவரின் குணத்தைப் பொறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓடாத வீரர்

1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்த கரை இது. இங்குள்ள பல கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. எவ்வளவு மீன்பாடு இருந்தாலும் அன்று படகுகள் கரையில்தான். ஒருநாள் வருமானத்தை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று தெரிந்த இந்த மக்களுக்கு, எரிக் லிடெல் அந்நியராகத் தெரியமாட்டார்.

ஸ்காட்லாந்து ஓட்டப்பந்தய வீரரான லிடெல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் பதக்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். ஆனால், அதன் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. 'அது ஆண்டவருக்கான நாள். ஓடமாட்டேன்' என்பதில் உறுதியாக இருந்தார். பல மாதங்களுக்கு முன்பே எடுத்த முடிவு அது. எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தும் மாறவில்லை.

அதற்குப் பதிலாக 400 மீட்டரில் ஓடினார். 47.6 விநாடிகளில் தங்கம்! இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 'கடவுளுக்காக விட்டுக்கொடுத்தார், கடவுள் தங்கம் கொடுத்தார்' என்று முடித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகவே இரண்டு தொடர் ஓட்டங்களையும் அவர் விட்டார். பிரிட்டன் அணி அவற்றில் ஒன்றில் வெள்ளியும் மற்றொன்றில் வெண்கலமும் வென்றது. லிடெலுக்கு அந்தப் பதக்கங்கள் இல்லை. ஈடாக வேறெதுவும் கிடைக்கவுமில்லை. குணத்துக்கு எப்போதும் பரிசு கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

விதியைத் தாண்டிய அன்பு

அடுத்த ஆண்டே ஓட்டத்தை விட்டுவிட்டு, தான் பிறந்த சீனாவுக்கே மிஷனரி ஆசிரியராகப் போனார் லிடெல். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர்கள் அவரை வெய்சியென் முகாமில் அடைத்தார்கள். அங்கே அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆட, நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு நடுவராக வந்து நின்றவர் யார் தெரியுமா? ஒலிம்பிக்கிலேயே ஞாயிறன்று ஓட மறுத்த அதே லிடெல்! தன் பதக்கத்துக்காகத் தளர்த்தாத விதியைப் பிள்ளைகளின் சமாதானத்துக்காகத் தளர்த்தினார். 1945 பிப்ரவரியில், மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

சென்னைக்கு வந்த முக்கோணம்

லிடெல் ஓடிய அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியுடன் சென்றவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் இவர்தான். உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பதுதான் ஒய்.எம்.சி.ஏ முக்கோணச் சின்னத்தின் பொருள். நம் ஊர்ப் பள்ளிகளின் பி.டி. வாத்தியார்கள் எத்தனையோ பேர் அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்கள்.

கூடைப்பந்தும் கைப்பந்தும்கூட ஒய்.எம்.சி.ஏ-வில் பிறந்த ஆட்டங்களே. 1891-ல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். பந்தோடு ஓடக் கூடாது, இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்று விதி வைத்தார். முரட்டுத்தனத்துக்கு இடம் கொடுக்காத ஆட்டமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வேதம் சொல்வது என்ன?

ஈசாயின் மகன்களில் ஒருவரை அரசராகத் தேர்ந்தெடுக்க வந்தார் சாமுவேல். உயரமான மூத்த மகன் எலியாபைப் பார்த்ததும் 'இவர்தான்' என்று நினைத்தார். கடவுளோ, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைக்குட்டி தாவீதைத் தேர்ந்தார். மனிதர் பார்ப்பது தோற்றத்தை, கடவுள் பார்ப்பது உள்ளத்தை என்பது அந்தக் கதையின் சாரம். விதிப்படி ஆடாதவருக்கு வெற்றிவாகை கிடையாது என்று புனித பவுலும் எழுதியிருக்கிறார்.

உடல்பலத்தை வேதம் இழிவாகப் பேசவில்லை. அது ஒரு தாலந்து; கொடுக்கப்பட்டது. நீளமான காலும் நல்ல நுரையீரலும் யாரும் கேட்டு வாங்கியவை அல்ல. அதனால் அவற்றை வைத்துப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. அவை இல்லாத பிள்ளையை மட்டம் தட்டவும் நியாயமில்லை. விழுந்த எதிராளியைத் தூக்கிவிடுவதா, தன் கையில் பட்டு வெளியே போன பந்தை ஒப்புக்கொள்வதா என்பது மட்டும் ஒவ்வொருவரும் தானே எடுக்க வேண்டிய முடிவு.

வேகமும் பலமும் முப்பது முப்பத்தைந்து வயதில் குறையத் தொடங்கிவிடும். மைதானத்தில் பழகிய நேர்மை வேலையிடத்துக்கும் குடும்பத்துக்கும் கூடவே வரும். ஏமாற்றிப் பழகினால் அதுவும்தான் கூட வரும்!

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும், அணிக்கு கேப்டனைத் தேடும் பயிற்சியாளர்களும் ஒன்று செய்து பார்க்கலாம். யார் அதிக கோல் போட்டார் என்ற கணக்கை ஒருநாள் ஓரமாக வைத்துவிட்டு, அணியில் உள்ள பிள்ளைகளிடமே கேளுங்கள்: "நீ முத்துக் குளிக்கக் கடலுக்குள் இறங்கினால், கயிற்றை யார் கையில் கொடுப்பாய்?"