வலைப்பக்கத்தில் தமிழ் எழுத்து

நீங்கள் முதன்முதலாக ஒரு வலைப்பக்கம் எழுதுகிறீர்கள். 'அம்மா' என்று தட்டெழுதிச் சேமித்துத் திறந்து பார்க்கிறீர்கள். 'அம்மா'வைக் காணோம், அந்த இடத்தில் பொருளற்ற அயல் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. கணிப்பொறி பழுதாகிவிட்டதா? இல்லை. தமிழ் அதற்கு ஒத்துவராதா? அதுவும் இல்லை. நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்; அவ்வளவே. அதனை அறிய, முதலில் சில சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

இணையம் வேறு, வலை வேறு. கணிப்பொறிகளைக் கம்பிகளாலும் கண்ணாடி இழைகளாலும் வானொலி அலைகளாலும் பிணைக்கும் பாதைகளின் தொகுதியே இணையம். 1969-இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய அர்ப்பாநெட் அதன் முன்னோடி. அப்பாதைகளில் செல்லும் போக்குவரத்துகளுள் ஒன்று மின்னஞ்சல், மற்றொன்று வலை. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989-இல்தான் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார்.

வலைப்பக்கங்களை வைத்திருந்து, கேட்பவர்க்கு அனுப்பும் கணிப்பொறிக்கு 'சர்வர்' அல்லது வழங்கி என்று பெயர். பெர்னர்ஸ்-லீயின் கணிப்பொறியே முதல் வலை வழங்கி. அதை அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். வேறு வழங்கியே இல்லாத அந்நாளில், அது அணைந்தால் வலையே அணைந்துவிடும் அல்லவா?

பக்கத்தைக் கேட்டுப் பெற்று, நமக்குக் காட்டும் நிரல் உலாவி. எந்த வழங்கியில் எந்தப் பக்கம் வேண்டும் என்று அதற்குச் சொல்வது முகவரி, அதாவது யு.ஆர்.எல்.

பக்கம் எழுதப்படும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். அச்சுக் கோத்த காலத்தில், கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'இது தலைப்பு', 'இங்கே புதுப் பத்தி' என்று குறித்து அனுப்புவார்கள். அச்சுக் கோப்பவர் அக்குறிப்புகளை அச்சிடமாட்டார், அவற்றின்படி நடப்பார். எச்.டி.எம்.எல்.லில் கோணக் குறிகளுக்குள் எழுதும் குறிச்சொற்களும் இத்தகையவையே. உலாவி அவற்றைக் காட்டாமல் அவற்றின்படி நடக்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம். கணிப்பொறி அறிந்தது எண்களை மட்டுமே. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தர வேண்டும். 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென ஓர் எண் பட்டியலை வைத்திருந்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்க முடியாமல் போயிற்று. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான பட்டியலாக 1991-இல் வந்த யூனிகோடு, பின்னர் பரவலாகி, இத்தொல்லையைத் தீர்த்தது. அதில் 'அ'வின் எண் 2949. 'க'வின் எண் 2965.

கணிப்பொறியின் நினைவகத்தில் 'பைட்' என்னும் ஒரு பெட்டி 0 முதல் 255 வரையுள்ள எண்ணையே கொள்ளும். 2949 அதில் அடங்காது. ஆகவே யு.டி.எஃப்-8 என்னும் முறை 'அ'வை மூன்று பெட்டிகளில் வைக்கிறது: 224, 174, 133. இம்மூன்றும் சேர்ந்து ஓர் எழுத்து என்பதை உலாவி அறிய வேண்டும். அறியாவிட்டால், பழைய மேலைநாட்டுப் பட்டியல் ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் தனி எழுத்தாகப் படித்துவிடும். 'அம்மா' மறைந்தது இதனால்தான்.

பரிகாரம் எளிது. பக்கத்தின் தொடக்கத்தில், 'ஹெட்' பகுதிக்குள், 'மெட்டா' என்னும் குறிச்சொல்லில் 'சார்செட்' என்பது யு.டி.எஃப்-8 என்று குறித்துவிடுங்கள். கோப்பையும் அதே முறையில் சேமியுங்கள். இக்குறிப்பு இல்லாமலும் உலாவி சில வேளைகளில் சரியாக ஊகித்துக்கொள்ளும். ஆயினும் ஊகத்தை நம்புவது நன்றன்று.

வலையின் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்தது. ஆகவே பக்கம் எழுத நீங்கள் யாரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. இன்றே உங்கள் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். உங்கள் நண்பரின் கணிப்பொறியிலும் அது தமிழாகவே தெரிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.